இராயப்பன் கங்காணியின் முழுச் சம்மதம்

லிந்துலைப் பக்கத்துக் குருசுமலைத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கப்பலேறி இந்தியாவுக்குப் போகிற குடும்பம், பெட்டி படுக்கையைக் கட்டி முடித்தபிறகு, லயத்து வரிசை வீடுகளின் வாசல் ஒவ்வொன்றிலும் நின்று பிழைபொறுக்கச் சொல்லிவிட்டுத்தான் லொறியில் ஏற வேண்டும். கோழியைக் கல்லால் அடித்த வீடு, தண்ணீர்ப் பீலியடியில் குடத்தைத் தள்ளி வைத்த வீடு, பெண் கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பிய வீடு, எதையும் விடக்கூடாது. "தெரிஞ்சோ தெரியாமயோ ஏதும் செஞ்சிருந்தா மனசுல வச்சுக்காதீங்க" என்று போகிறவர் சொல்வார். "நாங்களுந்தாங்க" என்று நிற்கிறவர் சொல்வார். இரண்டு பேரும் அழுவார்கள். நடுவே கடல் வரப்போகிறது என்பதால் அந்த அழுகையில் பொய் இருக்காது.

நல்ல வழக்கம்தான். ஒரே ஒரு நிபந்தனை. பிழைபொறுக்கச் சொன்ன ஆள் போய்விட வேண்டும்.

இராயப்பன் கங்காணி இந்த வழக்கத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. அவருடைய பாட்டனார் திருச்சிப் பக்கமிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்த பெரிய கங்காணி. மலை உச்சியில் நிற்கும் அந்தோனியார் கோவிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவர். அந்த மணிக்காகத் திருநாள் கொடியை ஏற்றும் உரிமை அவருடைய குடும்பத்துக்கு வந்தது. பாட்டனாரின் கறுப்புக் கோட்டும், கொடிப்பெட்டிச் சாவியும், வளையாத முதுகும் வழிவழியாக இறங்கி இராயப்பனிடம் வந்து சேர்ந்திருந்தன. கோட்டு கொஞ்சம் நைந்திருந்தது. முதுகு நையவில்லை.

அந்த முதுகை ஒரே ஒரு முறைதான் ஒருவன் சீண்டிப் பார்த்தான். எதிர் லயத்து அந்தோனிமுத்து. பல வருடங்களுக்கு முன் ஒரு கொடியேற்றத்தின்போது, இராயப்பன் கயிறு இழுக்க, கொடி பாதிக் கம்பத்தில் நின்றுவிட்டது. பாட்டு முடிந்தது. மறுபடி பாடினார்கள். அதுவும் முடிந்தது. கொடி அசையவில்லை. அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து அந்தோனிமுத்து, "கயிறு நல்லாத்தான் இருக்கு. கைதான் சரியில்ல போல" என்றான். பெண்கள் பக்கம்கூடச் சிரித்தது. அன்று முதல் இரண்டு வாசலும் எதிரெதிரே இருந்தும், அவனோடு ஒரு வார்த்தை இல்லை. அவன் வாசலில் நின்றால் இவர் கதவைச் சாத்துவார். இவர் நின்றால் அவன் செருமுவான்.

புறப்படுகிற அன்று இராயப்பன் எல்லா வாசலையும் முடித்துக்கொண்டு கடைசியாக அந்த வாசலில் போய் நின்றார். மொத்த லயமும் பார்த்துக்கொண்டிருந்தது. போகிற மனிதன் பெருந்தன்மையாய்ப் போகவேண்டும் என்பது அவர் குடும்பத்துக் கொள்கை. ஆகவே, தான் ஒருநாளும் நம்பாத ஒன்றை உரக்கச் சொன்னார்.

"முத்து, கயிறு இல்ல. கைதான். மனசுல வச்சுக்காத."

லயம் மெய்சிலிர்த்தது. அந்தோனிமுத்து ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டு தேம்பினான். தேம்பலுக்கு நடுவே அவர் காதில் மட்டும் விழும்படி சொன்னான்:

"அண்ணே, கை இல்லண்ணே. கப்பியில குச்சி சொருகுனது நாந்தான்."

இராயப்பனின் முதுகு முன்னைவிட நிமிர்ந்தது. ஆனால் எல்லோரும் பார்க்கிறார்கள். அந்த இடத்தில் ஒரு மனிதன் சொல்லக்கூடிய வார்த்தை ஒன்றுதான் இருந்தது. "மன்னிச்சேன்" என்றார். கொடிப்பெட்டிச் சாவியையும் அவன் கையில் வைத்தார். லொறியில் ஏறினார்.

"காதுல என்னங்க சொன்னாரு?" என்று கேட்டாள் அவர் மனைவி மரியநாயகி.

"போய்ட்டு வாங்கன்னு பயணம் சொன்னான்."

தலவாக்கலை தாண்டும்வரை அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். இத்தனை வருடம் சிரிப்புக்கு ஆளான கை அவருடைய மடியில் கிடந்தது. ஹட்டன் நெருங்கும்போதுதான் மனம் சற்று ஆறியது. இனி அவன் முகத்தில் விழிக்கப் போவதில்லை. அவன் அங்கே, நான் இங்கே. நடுவில் கடல். கடல் என்று ஒன்றை ஆண்டவர் எதற்குப் படைத்தார் என்பது அன்றுதான் அவருக்கு விளங்கியது.

ஹட்டனில் இரும்புக் கடை ஒன்றின் மாடியில் 'கடல்வழிப் பயணிகள் ஒழுங்கமைப்பு அலுவலகம்' என்ற கந்தோர் இருந்தது. கப்பலுக்குப் போகிறவர்கள் அங்கே முத்திரை வாங்கிக்கொண்டுதான் தலைமன்னார் ரயில் ஏறவேண்டும். ஹட்டனிலிருந்து கடல் தெரியாது. அதற்காக அலுவலகச் சுவரில் கடல் படம் ஒன்றை மாட்டியிருந்தார்கள். அதில் கப்பல் இல்லை. படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் செவ்வந்திப்பூ மாலை ஒன்று தொங்கியது. அது யாருக்கென்று யாரும் சொல்லவில்லை.

முன்னதாகவே இரண்டு குடும்பங்கள் பெஞ்சில் இருந்தன. ஒன்று, உடப்புசல்லாவைப் பக்கத்துப் பொன்னையாவும் அவன் மனைவி ராசம்மாவும். மற்றது, தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்ந்த காளியாயியும் அவள் தங்கையும். இராயப்பன் பெஞ்சின் சாய்மானத்தில் முதுகு படாமல் உட்கார்ந்தார்.

அதிகாரி பேரின்பநாயகம் உள்ளறையிலிருந்து வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் காற்சட்டை, சட்டைப்பையில் மூன்று பேனா. எல்லோருக்கும் தேநீர் கொடுக்கச் சொன்னார். இராயப்பன் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். தோட்டத்துக்காரன் யாரும் குடிக்கக்கூடிய தூள் இல்லை அது. கூட்டி அள்ளிய தூள்.

"முதலிலை ஒண்டு சொல்லுறன்" என்று பேரின்பநாயகம் தொடங்கினார். "கப்பலிலை இடம் காணாதெண்டு வெளியிலை ஆரோ கதைக்கினமாம். அப்பிடியில்லை. கப்பல் கட்டின அண்டைக்கு எவ்வளவு இடமோ இண்டைக்கும் அவ்வளவுதான். எங்கட கந்தோரும் பிழை விடேல்லை. குடுக்கவேண்டிய சீட்டு எல்லாத்தையும் குடுத்தது. கொஞ்சம் கூடவே குடுத்தது. குறைச்சுக் குடுத்தாத்தானே பிழை?"

அதில் தப்பு ஒன்றும் இருப்பதாக யாருக்கும் படவில்லை.

"ஆனபடியால் உங்களிலை ஒரு குடும்பம் அடுத்த மாசக் கப்பலுக்கு மாறவேணும். மாறுங்கோ எண்டு நாங்கள் சொல்லேலாது. அதுக்குச் சட்டத்திலை இடமில்லை. நீங்களா விரும்பி, முழுச் சம்மதத்தோடை மாறவேணும். உங்கட விருப்பம் இல்லாமல் இந்தக் கந்தோர் ஒரு துரும்பையும் அசைக்காது."

இராயப்பன் அந்தப் பேச்சைக் கவனமாகக் கேட்டார். அவர் குருசுமலையில் பிறந்தவர். அவருடைய தகப்பனாரும் இங்கே பிறந்தவர். இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கே எழுதிக் கொடுத்துப் பார்த்தார். தள்ளுபடி என்று கடிதம் வந்தது. தூரத்து நகரம் ஒன்றில் இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து, உனக்கு இத்தனை பேர் எனக்கு இத்தனை பேர் என்று பிரித்துக்கொண்டன. அப்போது யாரும் தேநீர் கொடுக்கவில்லை. பொல்பிட்டியவில் கட்டிக்கொடுத்த மகள் றோசலின் புருஷனோடு இந்தப் பக்கம் நின்றுவிட்டாள். பெற்றவர்கள் அந்தப் பக்கம் விழுந்தார்கள். அப்போதும் யாரும் விருப்பம் கேட்கவில்லை. எந்த மாதக் கப்பல் என்ற இந்த ஒரு விடயத்தில் மட்டும், அவருடைய சம்மதம் இல்லாமல் துரும்பும் அசையாது என்று அரசாங்கம் சொல்கிறது. கேட்கக் கௌரவமாகத்தான் இருந்தது.

"விரும்பி மாறுற குடும்பத்துக்கு மாலை போட்டுக் கௌரவிப்பம்" என்று அதிகாரி ஆணியைக் காட்டினார். "காலமையே வாங்கினது. வாடமுந்தி முடிவெடுத்தால் நல்லது."

ஒருவரும் எழவில்லை.

மரியநாயகி கணவரின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, நம்ம மாறிக்கிட்டா என்னா? ஒரு மாசம் கெடைக்கும். றோசலின ஒருதரம் கண்ணால பாத்துக்கலாம். வர்றேன்னு சொன்ன புள்ள, பஸ்ஸு கெடைக்காம வராமப் போயிருச்சு. மொகத்தைப் பாக்காமலே கப்பலேறச் சொல்றீங்களா?"

"கம்முனு இரு."

"அந்தக் கரையில யாரு நமக்கு அடுப்பு மூட்டி வச்சிருக்கா, இம்புட்டு அவசரமா ஓடுறதுக்கு?"

இராயப்பன் கோட்டை அவள் கையிலிருந்து விடுவித்துக்கொண்டார். காரணத்தைச் சொல்ல முடியாது. திரும்பிப் போவதென்றால் அந்த எதிர்வாசலுக்குத்தான் திரும்பிப் போகவேண்டும். குச்சி சொருகினவன் தினமும் வாசலில் நின்று "அண்ணே, தேத்தண்ணி குடிச்சாச்சா?" என்று பாசமாகக் கேட்பான். இவரும் பாசமாகப் பதில் சொல்லவேண்டும். மன்னித்துவிட்டாரே. லயம் முழுக்கப் பார்க்க மன்னித்தாயிற்றே. அவனை முறைக்கக்கூட இனி உரிமை கிடையாது. திருநாளில் அவன் கொடி ஏற்றுவான். 'கைதான்' என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட மனிதர் கூட்டத்தோடு நின்று கும்பிடவேண்டும். பகையென்றால் தாங்கலாம், பாட்டனார் காலத்திலிருந்து பழகியது. சமாதானத்தை எப்படித் தாங்குவது?

மற்றவர்களுக்கும் இப்படி ஒவ்வொன்று இருந்தது. பொன்னையா எழுந்து தலையைச் சொறிந்தான். "ஐயா, எங்க தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கிட்ட நான் பயணம் சொல்லிட்டு வந்துட்டேங்க. இத்தன வருசமா மனசுல கெடந்ததெல்லாம் சொல்லிட்டேங்க. அவரு அம்மா அப்பாவ விசாரிச்சு, அதுக்கு முந்தினவங்களையும் விசாரிச்சுட்டேன். திரும்பிப் போனா தொங்கவிட்டுருவாரு."

காளியாயி இருந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "எங்க அம்மிய ஓரகத்திக்குக் குடுத்துட்டேன் சாமி. அவகிட்டப் போயி அதத் திருப்பிக் கேக்கிறதுக்கு நான் கடல நீந்தியே போயிருவேன்."

பேரின்பநாயகம் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மாலையைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு தாளோடு வந்தார்.

"இப்ப விதியை வாசிக்கிறன். மாற விருப்பமில்லையெண்டு எழுத்திலை தராத குடும்பம், விரும்புற குடும்பமாக் கருதப்படும். விருப்பமில்லையெண்டு எழுத்திலை தாற குடும்பம், ஒத்துழைக்காத குடும்பமாக் கருதப்படும். ஒத்துழைக்காத குடும்பத்துக்கு அடுத்த கப்பலிலைதான் இடம்."

சிறிது நேரம் எல்லோரும் அதை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"அப்பன்னா எப்படி எழுதினாலும் அடுத்த கப்பல்தானுங்களே?" என்றாள் ராசம்மா.

"அதுதான் பிழையான விளக்கம்" என்றார் அதிகாரி பொறுமையாக. "ஒண்டிலை நீங்கள் விருப்பத்தோடை போறியள். மற்றதிலை விருப்பமில்லாமல் போறியள். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கெல்லே? அந்த வித்தியாசத்துக்காகத்தானே இந்தக் கந்தோரைத் திறந்து வைச்சிருக்கினம்."

"மாறின குடும்பம் ஒரு மாசம் என்னாத்தத் தின்னுமுங்க?" என்று மரியநாயகி கேட்டாள். "வேலைக்காரங்க செக்ரோல்ல பேர் வெட்டியாச்சு. நாங்க இருந்த காம்பராச் சாவியும் தொரை ஆபீசில குடுத்தாச்சு."

"நல்ல கேள்வி. அந்த மாசம் முழுக்க நீங்கள் பயணத்திலை இருக்கிறதாத்தான் கருதப்படும். பயணத்திலை இருக்கிற ஆளுக்கு வேலை குடுக்கேலாது, வீடு குடுக்கேலாது. ஆனால் மரியாதை குடுக்கலாம்."

"பயணத்துல இருக்கிறவங்க மரியாதைய எந்தச் சட்டியில வேக வைப்பாங்க?"

"அது வேற கந்தோர்" என்றார் பேரின்பநாயகம்.

அவள் தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கீழே போனாள். கீழே குருசுமலை லொறி இன்னும் நின்றது. டிரைவர் அழகன் சாமான்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போக ஆயத்தமாயிருந்தான். மரியநாயகி அவனிடம் ஏதோ சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே லொறியை எடுத்தான். மேலே வந்தவள் உட்கார்ந்து செபமாலையை உருட்டத் தொடங்கினாள்.

பிற்பகல் தனித்தனி விசாரணை. அதற்கு 'விருப்பம் உண்டாக்கும் நேர்காணல்' என்று பெயர். முதலில் இராயப்பன் அழைக்கப்பட்டார்.

"மாறாததுக்கு என்ன காரணம்?" என்று அதிகாரி பேனாவைத் திறந்தார். "காய்ச்சல் வருத்தமோ, பிள்ளைப்பேறோ, சாவீடோ?"

"அது எதுவும் இல்லீங்க."

"அப்ப?"

"மானம்."

அதிகாரி தாளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தையும் பார்த்தார். "மானம் எண்டொரு பிரிவு எங்களிட்டை இல்லை, பெரியவர். மானத்தைச் சாவீட்டுக்குக் கீழை போடலாமோ எண்டு மேலிடத்தைக் கேட்கலாம். ஆனால் மறுமொழி வர இந்தக் கப்பல் போயிடும்."

"என்னா நடந்துச்சுன்னு சொல்ல எனக்கு முடியாதுங்க. சொன்னா அது மன்னிப்பு ஆகாது."

பேரின்பநாயகம் பேனாவை மூடினார். அவருக்கு இராயப்பனைப் பிடித்துவிட்டது. குரலைத் தாழ்த்தினார். "இஞ்சை பாருங்கோ. நானும் உங்களைப் போலதான். இந்தக் குளிர் எனக்குச் சரிவராது. யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்டு வருசா வருசம் எழுதுறன். வருசா வருசம் என்ரை விருப்பத்தைக் கேட்கினம். எந்த இடம் விருப்பம், ஏன் விருப்பம், மனிசிக்கும் விருப்பமோ எண்டெல்லாம் வடிவாக் கேட்கினம். நானும் எழுதுறன். இன்னும் இஞ்சைதான் இருக்கிறன். அதுக்காகக் குறை சொல்லுவனோ? கேட்கிறது ஒரு கந்தோர். குடுக்கிறது இன்னொரு கந்தோர். கேட்கிற கந்தோரிலை இருக்கிறதே ஒரு பெருமைதான்."

"குடுக்கிற ஆபீசு எங்கங்க இருக்கு?"

"அதைத்தான் நானும் விசாரிச்சுக்கொண்டிருக்கிறன்" என்றார் அதிகாரி.

அந்த நேரத்தில் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். கதவு திறந்தது. தலைப்பாகை அவிழ்ந்து தோளில் தொங்க, மூச்சிரைத்தபடி அந்தோனிமுத்து நின்றான்.

"அண்ணே! நீங்க திரும்பி வர்றீங்கன்னு அழகன் சொன்னான். நெசமாண்ணே?"

இராயப்பன் சுவரில் இருந்த கடலைப் பார்த்தார்.

அந்தோனிமுத்து அதிகாரியின் மேசையை இரண்டு கையாலும் பிடித்தான். "ஐயா, கையெடுத்துக் கும்பிடுறேன். இவரத் திருப்பி அனுப்பிராதீங்க. எப்பிடியாச்சும் கப்பல்ல ஏத்திருங்க."

"நீர் ஆர்? பகைக்காரனோ?"

"பகைன்னா நான் ஏங்க பஸ் புடிச்சு ஓடி வர்றேன்? பகையோட இத்தன காலம் நல்லாத்தானே இருந்தோம். இது சமாதானமுங்க! காலையிலதான் சமாதானமாப் போனோம். இவரு கடலுக்கு அந்தாண்ட போயிருவாருன்னு நம்பி, சொல்லக்கூடாததெல்லாம் சொல்லிப்புட்டேன். இனி எதிர்த்த வாசல்ல இவரு மொகத்தப் பாத்துக்கிட்டு நான் எப்பிடிக் குடியிருப்பேன்?"

வெளியே பெஞ்சில் இருந்த எல்லோரும் கதவருகே வந்துவிட்டார்கள். பொன்னையா பெருமூச்சு விட்டான். அவனுக்கு விளங்கியது.

"இவருக்குப் பதிலா நான் மாறுறேன்" என்றான் அந்தோனிமுத்து. "எழுதிக்குங்க."

"உமக்கு இந்தக் கப்பலிலை இடம் இருக்கோ?"

"இல்லீங்க. எனக்கு இன்னும் கப்பலே வரல."

பேரின்பநாயகம் யோசித்தார். வாடுகிற மாலையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பரவாயில்லை. எங்களுக்குத் தேவை, விரும்பி விட்டுக்குடுக்கிற ஒரு குடும்பம். என்னத்தை விட்டுக்குடுக்கிறது எண்டு விதியிலை இல்லை. இல்லாத இடத்தை விட்டுக்குடுக்கிறது இன்னும் பெரிய தியாகம்." எழுந்து போய் ஆணியிலிருந்து மாலையைக் கழற்றினார். "பெரியவர், நீங்கள் போகலாம். உங்கட இடத்தை இவர் காப்பாத்தித் தந்திட்டார்."

அந்த வாசகம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. அல்லது நிமிர்த்தியது.

இராயப்பன் மெதுவாக எழுந்தார். அந்தோனிமுத்து காப்பாற்றித் தந்த இடத்தில் பெரிய கங்காணியின் பேரன் உட்கார்ந்து போவதா? கப்பல் அந்தக் கரை சேரும்வரை அவன் தயவு காலடியில் கிடக்குமே. அந்தக் கரையிலும் கிடக்குமே. அவர் முகம் கறுத்தது. கோட்டுப் பொத்தானைப் போட்டார்.

"யாருடா எனக்கு எடம் குடுக்கிறது?"

"அண்ணே…"

"கப்பியில குச்சி சொருகின கை எனக்கு எடம் குடுக்குதா?"

மரியநாயகி செபமாலையை நிறுத்தினாள்.

"அண்ணே! மன்னிச்சேன்னு சொன்னீங்களே! நாலு பேரு முன்னாடி சொன்னீங்களே!"

"கடல நம்பிச் சொன்னேன்டா! நீ இங்க வந்து நிப்பேன்னு தெரிஞ்சா சொல்லியிருப்பேனா? ஊரு சிரிக்க வச்சியே, பாட்டு மூணு தடவ பாட வச்சியே, பாவி!"

"ரெண்டு தடவதான் பாடினாங்க!"

"மூணு!"

"நீங்க மட்டும் யோக்கியமா? என் மூத்தவன் ஞானஸ்தானத்துக்கு மொத்த லயத்துக்கும் சொல்லியும் நீங்க மட்டும் வரல. அதான் சொருகினேன்! இப்பவும் சொல்றேன், குச்சி பாதிதான் காரணம். மீதி கைதான்!"

"கையா? இந்தக் கையா?" இராயப்பன் கையை நீட்டினார். அது அவன் மூக்குக்கு மிக அருகே போய் நின்றது. "குடுறா சாவிய!"

"வீட்டுல இருக்கு! வந்து வாங்கிக்குங்க!"

"வர்றேன்! வராமப் போயிருவேனா?" என்று இராயப்பன் அதிகாரி பக்கம் திரும்பினார். பல மாதங்களாகக் காணாத ஒரு தெளிவு அவர் முகத்தில் இருந்தது. "எழுதுங்க ஐயா. இராயப்பன் கங்காணி குடும்பம் அடுத்த கப்பலுக்கு மாறுது. முழுச் சம்மதத்தோட."

அவர் சொன்னதில் எள்ளளவும் பொய்யில்லை. பகை திரும்பக் கிடைத்துவிட்டது. பகை இருக்கிற இடத்துக்கு ஒரு மனிதன் தலைநிமிர்ந்து போகலாம்.

பேரின்பநாயகம் மாலையோடு நடுவில் நின்றார். "இப்ப ஒரு சிக்கல். ஒரு குடும்பம் கேட்டம். ரெண்டு குடும்பம் விருப்பம் தெரிவிச்சிருக்கு. கப்பலிலை இடத்துக்கு மிஞ்சி ஆள் சேர்ந்ததுபோல, மாறுறதுக்கும் ஆள் மிஞ்சிப் போச்சு. உங்கள் ரெண்டு பேரிலை ஆராவது ஒராள் விரும்பி விலகவேணும்."

"நான் விலக மாட்டேன்" என்றார் இராயப்பன்.

"நானுந்தான்" என்றான் அந்தோனிமுத்து.

அதிகாரி அவர்கள் இருவரையும் பார்த்தார். அடுத்த நேர்காணலுக்குத் தேநீர் சொல்லலாமா என்று நினைத்தவர், மாலையின் இதழ்கள் காலடியில் உதிர்வதைக் கண்டு மனதை மாற்றிக்கொண்டார். மாலையை மரியநாயகியின் கழுத்தில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

குருசுமலைக்குத் திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே ஆசனத்தில் உட்கார நேர்ந்தது. வேறு இடம் இல்லை. ஒருவர் சன்னல் பக்கம் பார்த்தார். ஒருவன் நடைபாதைப் பக்கம் பார்த்தான். பின்னால் மரியநாயகி மாலையோடு உட்கார்ந்து, பொல்பிட்டியவுக்கு எந்த பஸ் நேரே போகும் என்று கண்டக்டரிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"அழகன்கிட்ட நீதானே சொல்லிவிட்டே?" என்று இறங்கும்போது இராயப்பன் கேட்டார்.

"நான் தண்ணி குடிக்கத்தானுங்களே போனேன்" என்றாள் அவள்.

காம்பராச் சாவி துரை ஆபீசு ஆணியிலேயே கிடந்தது. எடுத்துவைக்க யாருக்கும் உத்தரவு வந்திருக்கவில்லை; மரியநாயகியே எடுத்துக் காம்பராவைத் திறந்தாள். பயணத்தில் இருப்பதாகக் கருதப்பட்ட மரியநாயகி அந்த மாதம் கைக்காசுக்குக் கொழுந்து பறித்தாள். அன்றன்று பறித்த கொழுந்துக்கு அன்றன்று காசு. பயணத்தில் இருப்பதாகக் கருதப்பட்ட இராயப்பன் கொடியேற்றத்தன்று எல்லோர் முன்னிலையிலும் ஏணி வைத்து ஏறிக் கப்பியை உருட்டிப் பார்த்துவிட்டு இறங்கிக் கயிற்றைப் பிடித்தார். கொடி ஒரே மூச்சில் உச்சிக்குப் போனது. "இன்னைக்குக் காத்து நல்லா அடிக்குது. காத்துதான் ஏத்துது" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. இராயப்பன் திரும்பவில்லை. ஆனால் அந்த வருடம் அவர் பிரசங்கம் முழுவதையும் தூங்காமல் கேட்டதாகச் சொல்வார்கள். றோசலினும் வந்திருந்தாள். தாயும் மகளும் திருநாள் முடிந்தும் இரண்டு நாள் பேசிக்கொண்டேயிருந்தார்கள்.

ஹட்டன் அலுவலகம் நடந்ததையெல்லாம் ஆராய்ந்து மலையகம் முழுவதற்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. தோட்டத்து ஆபீசுச் சுவரில் அதை ஒட்டினார்கள். 'கப்பலில் இடம் உறுதியாகும்வரை பயணிகள் எவரும் எவரிடமும் மன்னிப்புக் கேட்பதோ, மன்னிப்பு வழங்குவதோ, அம்மி, சாவி முதலியவற்றைக் கையளிப்பதோ கூடாது. கப்பலில் ஏறி அமர்ந்த பின்னரே இடம் உறுதியானதாகக் கருதப்படும்.' இராயப்பன் அதை இருமுறை படித்தார். அரசாங்கம் அவருக்குச் சொன்னவற்றில் புத்தியுள்ள வார்த்தை அது ஒன்றுதான் என்று பட்டது.

அடுத்த கப்பலுக்கான நாள் வந்தது. இம்முறை அவர் எந்த வாசலிலும் பிழைபொறுக்கச் சொல்லவில்லை. சட்டம் சட்டம்தான். "வர்றோமுங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனார். எதிர்வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். திரும்ப வாங்கியிருந்த கொடிப்பெட்டிச் சாவி கோட்டுப் பையில் இருந்தது. அதை எடுத்துக் கதவு நிலைக்கு மேலே வைத்தார். இருமினார். உள்ளே யாரோ செருமினார்கள். லொறியில் ஏறினார்.

தலைமன்னார் இறங்குதுறையில் கப்பல் நிரம்பியிருந்தது. ஆனாலும் இரண்டு பேருக்கு இடம் கிடைத்தது. இராயப்பன் பலகையில் முதுகு சாயாமல் உட்கார்ந்தார். சங்கு ஊதியது. கரை மெல்லப் பின்னால் போகத் தொடங்கியது. எல்லோரும் கரையைப் பார்த்து அழுதார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் நடுவே நன்றாக அகலமானது என்று உறுதியானபின், நேரே பார்த்தபடி, அன்று எதிர்வாசலில் சொன்ன அதே வார்த்தையை வாய்க்குள் சொன்னார்.

"யாருக்கிட்டங்க பேசுறீங்க?" என்று கேட்டாள் மரியநாயகி.

"பயணம் சொன்னேன்" என்றார்.